கும்பிடாதீங்க, தள்ளுங்க

கண்ணைத் திறந்தபோது காலடியில் சூடம் எரிந்துகொண்டிருந்தது.

ஆதிலட்சுமிக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. விடிகாலைப் பயிற்சியின் கடைசி அசைவு அது. இரண்டு கைகளையும் அடிவயிற்றுக்கு நேராக இறக்கி, மூச்சை முழுவதும் விட்டு, கண்ணைத் திறக்க வேண்டும். திறந்தால் நாவல் மரத்துக்கு அப்பால் மலை தெரியும். அந்த ஒரு கணத்துக்காகத்தான் அவள் கோழி கூவுமுன் எழுந்து வருகிறாள். அன்று மலை தெரியவில்லை. வெற்றிலைத் தட்டு தெரிந்தது. உடைத்த தேங்காய் தெரிந்தது. அதற்குப் பின்னால் மண்டியிட்டுக் கைகூப்பியபடி ஒரு புருஷன், ஒரு பெண்சாதி, அவள் தோளில் தூங்கும் குழந்தை.

"யாருங்க நீங்க?"

"பெங்களூருங்கம்மா. உங்களைப் பத்திக் கேள்விப்பட்டு, நேரா இங்கதான் வர்றோம்."

"எழுந்திருங்க மொதல்ல. இது இன்னா கூத்து? நான் டீக்கடை வெச்சிருக்கிறவ. அதோ பாருங்க, பாய்லர் பொகையுது."

அந்த மனிதன் மனைவியின் காதோரம் குனிந்தான். "பாத்தியா நந்தினி, எவ்ளோ எளிமை!"

"எளிமையும் இல்ல, எருமையும் இல்ல! நான் இங்க சண்டை பழகிட்டிருக்கேன். சண்டை! அடிதடி! புரியுதா? தட்டை எடுத்துட்டு அந்தாண்ட போங்க!"

அவள் காலால் தட்டை ஒதுக்கினாள். தேங்காய் மூடி ஒன்று உருண்டு போய் அவன் முழங்காலில் மோதி நின்றது. அவ்வளவுதான். அவன் அதை இரண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். கண்ணில் நீர் தளும்பியது. "அம்மா திட்டிட்டாங்க. தேங்காயை உதைச்சுக் குடுத்துட்டாங்க. நம்ம கஷ்டம் தீந்துச்சு" என்றான்.

இதற்கு என்ன செய்வது? யாரிடம் போய் முறையிடுவது?

இந்த ஊரின் வழக்கம் அப்படி. மலையைச் சுற்றித் திரிந்த சித்தர்களில் பலர் வந்தவர்களைத் திட்டியிருக்கிறார்கள், கல்லால் அடித்திருக்கிறார்கள், எச்சில் சோற்றை முகத்தில் எறிந்திருக்கிறார்கள். அதை வரமென்று வாங்கிக்கொள்ள வரிசை நின்றிருக்கிறது. ஆகவே திருவண்ணாமலையில் சும்மா இருப்பவர் சாமி. கோபப்படுபவர் பெரிய சாமி. வேறு எந்த ஊரிலும் ஒரு பெண் 'போய்த் தொலை' என்று கத்தினால் போய்விடுவார்கள். இங்கே மறுநாள் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். கத்தக் கத்தக் கூட்டம் கூடுகிறது என்றால், அந்தப் பாவி மகள் தன் கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவாள்?

அவள் கோபம் இன்று நேற்று வந்ததில்லை. அதற்கு ஒரு கதை இருக்கிறது.

*

தொண்ணூற்றிரண்டாம் வருஷத்துச் சித்திரா பௌர்ணமி. அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையின் ஓரமாக, ஆதிலட்சுமியும் அவள் புருஷன் கண்ணாயிரமும் டீக்கடை போட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. கண்ணாயிரத்துக்கு மானாவாரி நிலம் கொஞ்சம் உண்டு, அதில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போடுவான். மழை ஏமாற்றினால் கடைதான் சோறு. அன்று பால் தீர்ந்துபோக, அவள் கேனைத் தூக்கிக்கொண்டு கூட்டத்துக்குள் நுழைந்து வந்தாள்.

இடுப்பில் ஒரு கை விழுந்தது.

தெரியாமல் பட்ட கை இல்லை அது. ஒரு பெண்ணுக்குத் தெரியும். விருட்டென்று திரும்பி அறையப் போனாள். கை வீசிய வேகத்தில் கால் தடுமாறி, கேனோடு விழுந்தாள். அடுத்த கணமே மேலே பக்தி நடந்தது. அரோகரா சொல்லிக்கொண்டே மிதித்தார்கள். மணிக்கட்டு முறிந்த சத்தம் அவளுக்கு மட்டும் கேட்டது. பால் வெள்ளையாக ஓடி, ஆயிரம் கால்களில் ஒட்டிக்கொண்டு மலையைச் சுற்றப் போயிற்று.

"கூட்டத்துல பாலைத் தூக்கிட்டு வரச் சொல்லி யாரு அழுதாங்க?" என்றார் ஒரு பெரிய மனிதர்.

கடையிலிருந்து ஓடிவந்த கண்ணாயிரம் என்ன சொன்னான் தெரியுமா? "நீ ஏன் திரும்பின? கம்முனு வந்திருக்கலாம் இல்ல?"

ஐயோ! முறிந்த கை வலிக்கவில்லை அவளுக்கு. இந்த ஒரு வார்த்தை வலித்தது. இன்றுவரை வலிக்கிறது. தொட்டவனை யாரும் தேடவில்லை. திரும்பியவள்தான் குற்றவாளி!

அவளைத் தூக்கி நிறுத்தியவள் ஒரு வெளியூர்க்காரி. அவள் வயதுதான் இருக்கும். கஸ்தூரி என்று பெயர். மலேசியாவில் ஈப்போ பக்கம் பிறந்து வளர்ந்த தமிழச்சி. அங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். மலைமேல் உள்ள பற்றில் வேலையை விட்டுவிட்டு வந்து, அடி அண்ணாமலையில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அவள்தான் கடையிலிருந்து தோசைத் திருப்பியை வாங்கி, கைக்கு அண்டைகொடுத்து, தன் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டினாள். கட்டிக்கொண்டே, வார்த்தைக்கு வார்த்தை 'லா' போடும் மலேசியப் பேச்சில் சொன்னாள்:

"நீங்க திரும்பினது தப்பு இல்ல லா. திரும்பின விதம்தான் தப்பு. மேல் உடம்பு மட்டும் திரும்பிச்சு, கால் திரும்பல. அதான் விழுந்தீங்க."

ஆதிலட்சுமி அழுகையை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். ஊரே ஏன் திரும்பினாய் என்று கேட்டபோது, எப்படித் திரும்ப வேண்டும் என்று சொன்னவள் அவள் ஒருத்திதான்!

கட்டுப் பிரித்த பிறகு கடைக்குப் பின்னால், நாவல் மரத்தடியில், பாடம் ஆரம்பித்தது. கஸ்தூரி ஈப்போவில் சின்ன வயதிலிருந்தே பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பத்தோடு பூங்காவில் பழகிய வித்தை. டாய்ச்சி என்று பெயர் சொன்னாள். பார்த்தால் யாரோ தண்ணீருக்குள் நடப்பதுபோல இருந்தது. ஒரு கை மேகம்போல நகர்ந்து முகத்தைக் கடந்தது. மறுகை கீழே இறங்கியது. கால் பூனைபோலத் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊன்றியது.

"இது இன்னா கஸ்தூரி, சாமி கும்புடறதா?"

"இல்ல லா. சண்டை. மெதுவா போடற சண்டை."

"மெதுவா சண்டை போட்டா எவன் நின்னு அடி வாங்குவான்?"

"வாங்க. என்னைத் தள்ளுங்க."

ஆதிலட்சுமி இரண்டு கையாலும் தள்ளினாள். கை போன இடத்தில் கஸ்தூரி இல்லை. இடுப்பு மட்டும் திரும்பியிருந்தது. தள்ளிய வேகத்திலேயே ஆதிலட்சுமி போய் நாவல் மரத்தைக் கட்டிப்பிடித்தாள். திரும்பி வந்து மறுபடி தள்ளினாள். மறுபடி மரம். மூன்றாம் முறை மரத்தைப் பிடித்தபடியே சிரிக்க ஆரம்பித்தாள்.

அன்றிலிருந்து அவளுக்கு ஒரே வைராக்கியம். இனி எவன் தள்ளியும் இந்த உடம்பு விழக் கூடாது.

முதலில் நிற்கக் கற்றுக்கொடுத்தாள் கஸ்தூரி. முட்டியை மடக்கி, தோளைத் தொங்கவிட்டு, எடை முழுவதும் உள்ளங்காலுக்குள் இறங்க நிற்பது. தொடை நெருப்பாக எரியும். அதற்குப் பிறகு அசைவுகள். அதற்கும் பிறகு எதிரெதிரே நின்று, மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டி, ஒருத்தி தள்ள ஒருத்தி விலக, விலகியவள் திருப்பித் தள்ள, அந்தப் பயிற்சி. அதில்தான் வித்தையின் உயிரே இருக்கிறது என்பாள். எதிராளியின் கை தொட்ட உடனே அவன் பலம் எங்கிருந்து வருகிறது என்று தோலுக்குத் தெரிய வேண்டுமாம்.

ஊர் சும்மா இருக்குமா? 'டீக்கடைக்காரிக்குக் காத்து அடிச்சிருக்கு' என்று பேச்சுக் கிளம்பியது. கிளப்பியவன் வேறு யாருமில்லை, கண்ணாயிரத்தின் தம்பி பரசுராமன். கோபுரத்துக்கு எதிரே தேங்காய், சூடம் விற்கும் கடை அவனுடையது. ஒருநாள் பூசாரியையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான். பூசாரி வேப்பிலையால் அவள் முகத்தில் அடித்து, "சொல்லு, நீ யாரு? எந்த ஊரு?" என்று அதட்டினார்.

"நான் ஆதிலட்சுமி. இதே ஊரு. நேத்து என் கடையில இட்லி தின்னுட்டு, சட்னி புளிச்சுப்போச்சுன்னு சொல்லிட்டுப் போனியே, தெரியல?"

பூசாரி வேப்பிலையைக் கீழே போட்டுவிட்டார். ஊர் சிரித்தது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. நியாயத்தைச் சொல்லுங்கள். ஆம்பிளை கர்லாக்கட்டை சுற்றினால் உடம்பை வளர்க்கிறான் என்கிறார்கள். பொம்பளை கையைத் தூக்கினால் அது பேயாகத்தான் இருக்க வேண்டுமா?

சில வருஷம் கழித்து, தாயாருக்கு உடம்பு முடியவில்லை என்று தகவல் வந்து, கஸ்தூரி ஈப்போவுக்குத் திரும்பினாள். பஸ் ஏறும்போது ஆதிலட்சுமியின் தோளை இரண்டு கையாலும் அழுத்திச் சொன்னாள்: "எதிர நிக்க ஒரு ஆளைத் தேடிக்குங்க. தனியா செஞ்சா இது வெறும் ஆட்டம். அப்புறம், உங்களுக்குக் கோபம் ரொம்ப. கோபம் வந்தா தோள் மேல ஏறுது. தோள் ஏறினா கால் காலியாயிடுது. பாத்துக்குங்க லா."

பஸ் புறப்பட்டுத் தூசி அடங்கும்வரை ஆதிலட்சுமி அங்கேயே நின்றாள். கூடப்பிறந்தவள் போனால்கூட அப்படி அழுதிருக்க மாட்டாள்.

*

எதிரே நிற்க வந்தவள் வெள்ளையம்மாள். பூ கட்டி விற்பவள். ஆதிலட்சுமியைவிட வயதில் கொஞ்சம் சின்னவள், உடம்பில் இரண்டு மடங்கு பெரியவள், வாயில் நாலு மடங்கு. நாளெல்லாம் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொள்கிறது என்று தைலம் கேட்க வந்தவளை, மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள் ஆதிலட்சுமி.

"யக்கா, இன்னாக்கா இது, மாவாட்ற மாதிரி கீது?"

"பேசாம கையைக் குடுடி."

"குடுத்தேன். எங்க, தள்ளு பாக்கலாம். என் புருஷனே என்னை அசைக்க முடியா..."

சொல்லி முடிப்பதற்குள் அவள் புல்லில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் அழைக்காமலே வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். பூக்கூடை மரத்தடியில், டீக்கடை பாய்லர் அடுப்பில், இவர்கள் இருவரும் மணிக்கட்டோடு மணிக்கட்டாக. இப்படியே வருஷங்கள் போயின. ஒருநாள்கூட ஆதிலட்சுமியின் காலைப் பெயர்க்க வெள்ளையம்மாளால் முடிந்ததில்லை.

தொண்ணூற்றொன்பதில், ஒரு நாள் மத்தியானம், பஸ் ஸ்டாண்டில் அது நடந்தது. பின்னாலிருந்து ஒருவன் அவள் தாலிச்சங்கிலியில் கைபோட்டான். இந்த முறை கால் முதலில் திரும்பியது. இடுப்பு திரும்பியது. கை கடைசியாக, அவன் முழங்கையில் சும்மா படிந்தது. அவன் இழுத்த இழுப்பிலேயே அவன் பறந்து, தர்பூசணிக் குவியல்மேல் போய் விழுந்தான். சங்கிலி அவள் கழுத்திலேயே இருந்தது.

எத்தனை வருஷத்துப் பாடு! எத்தனை விடிகாலை! பனியில், மழையில், காய்ச்சலில்கூட நின்று நின்று இரும்பான கால்கள்! நியாயமாக ஊர் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நல்லாப் பழகியிருக்காடா என்று ஒரு வார்த்தை. அதையா சொன்னார்கள்?

பிடிபட்ட திருடன் போலீஸ்காரரிடம் சொன்னான்: "அந்தம்மா அடிக்கவே இல்ல சார். கை பட்டுச்சு, எனக்குள்ள ஏதோ கரண்ட் மாதிரி பாஞ்சுது." தர்பூசணி விற்றவன் சொன்னான்: "நான் என் கண்ணால பாத்தேன், அந்தம்மா கண்ணை மூடித்தான் இருந்தாங்க." போதாதா? மறுநாள் பரசுராமன் தன் தேங்காய்க் கடையில் நின்று, வந்தவர்களுக்கெல்லாம் சொல்ல ஆரம்பித்தான். "எங்க அண்ணிதாங்க. தினமும் மலையைப் பாத்து நிப்பாங்க. சீடன் யாரும் கிடையாது, பேச்சு கம்மி, சக்தி ஜாஸ்தி. அடி அண்ணாமலையில எறங்கி டீக்கடைன்னு கேளுங்க. தேங்காய் இங்கயே வாங்கிக்குங்க."

பேய் என்று பூசாரியைக் கூட்டிவந்த அதே வாய்!

*

பெங்களூர்க் குடும்பம் வந்துபோன பிறகு கூட்டம் பெருத்துவிட்டது. பயிற்சிக்கு நின்றால் சுற்றிலும் கைகூப்பி உட்கார்ந்துகொள்கிறார்கள். வெள்ளையம்மாள் கையை நீட்டினால், "சாமியைத் தொடாதேம்மா" என்று யாரோ இழுத்துவிடுகிறார்கள். டீ போட்டால் குடிக்காமல் புட்டியில் அடைத்து ஊருக்குக் கொண்டுபோகிறார்கள். பொறுக்க முடியாமல் கத்தினால், அந்தோ, இன்னும் நாலு பேர் விழுந்து கும்பிடுகிறார்கள்.

இரண்டாயிரத்தொன்றின் சித்திரா பௌர்ணமி நெருங்கிய ஒரு மாலையில் பரசுராமன் வீட்டுக்கு வந்தான். அண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அண்ணியிடம் பேசினான்.

"அண்ணி, நாவல் மரத்தைச் சுத்திக் கொட்டாய் போட்டுடலாம். நீங்க நடுவுல நாற்காலியில உக்காந்தா போதும். பேச வேணாம், ஒண்ணும் வேணாம்."

"அங்க நான் பழகறேன்டா."

"இனிமே எதுக்கண்ணி அந்தக் கஷ்டம்? கடையைக்கூட எடுத்துடலாம். சாமி டீ ஆத்தினா நல்லா இருக்காது. அப்புறம், அந்தப் பூக்காரி. அவளை இனி சேக்க வேணாம். இன்னா பேச்சு பேசறா தெரியுமா?"

ஆதிலட்சுமி புருஷனைப் பார்த்தாள். கண்ணாயிரம் தலையைச் சொறிந்தான். "மல்லாட்டை போட்டு இன்னா கண்டோம் ஆதி? தானா வர்றதை ஏன் தள்ளணும்? கம்முனு உக்காந்துட்டுப் போயேன்."

கம்முனு! மறுபடியும் அதே வார்த்தை! அன்றைக்குக் கம்முனு வந்திருக்கலாமே என்றான். இன்றைக்குக் கம்முனு உட்கார் என்கிறான். ஒன்பது வருஷம் அவள் பாடுபட்டு நின்றது எதற்கு? கடைசியில் நாற்காலியில் உட்காரவா? அவளுக்கென்று இந்த உலகத்தில் இருந்தது என்ன? அந்த மரத்தடி மண் கொஞ்சம், விடிகாலையில் ஒரு பொழுது, எதிரே நின்று தள்ள ஒரு தோழி. அதையும் பிடுங்கிக்கொண்டு, பதிலுக்குத் தெய்வம் என்று பட்டம் தருகிறார்களாம்!

"முடியாது" என்றாள்.

"சரி அண்ணி, சரி அண்ணி" என்று சிரித்துக்கொண்டே போனான் பரசுராமன். அவள் கோபப்பட்டால்தான் அவனுக்கு லாபம்.

பௌர்ணமியன்று பிற்பகல், பால் வாங்கிக்கொண்டு வந்தவள் கடைமுன் அப்படியே நின்றுவிட்டாள். பாய்லரைத் தூக்கிப் பின்னால் எறிந்திருந்தார்கள். மரத்தைச் சுற்றித் தென்னங்கீற்றுப் பந்தல். நடுவில் சிவப்புத் துணி போர்த்திய நாற்காலி. ஓரத்தில் தேங்காய் மலைபோல. ஒலிபெருக்கியில் பரசுராமன் அவள் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தான். கிரிவலம் வந்த சனம் பாதையை விட்டு இறங்கிப் பந்தலை மொய்த்திருந்தது.

"எடுங்கடா இதை! என் அடுப்பைத் தூக்கிப் போட எவன் சொன்னான்?"

"அம்மா பேசிட்டாங்க!" என்று கூட்டம் சிலிர்த்தது.

"நான் அம்மா இல்ல! போங்க எல்லாரும்!"

"போகச் சொல்றாங்க. நம்ம வினையைப் போகச் சொல்றாங்க" என்றது ஒலிபெருக்கி.

அவள் பால் கேனை அப்படியே போட்டுவிட்டு, பால் மண்ணில் கொட்ட, பாய்ந்து மைக்கைப் பிடுங்கப் போனாள். பரசுராமன் அவள் கையைப் பற்றி நாற்காலிப் பக்கம் இழுத்தான். இழுக்கலாமா அவளை? இடுப்பு திரும்பியது. பரசுராமன் தேங்காய்க் குவியலில் தலைகுப்புற விழுந்தான். நாலாபக்கமும் தேங்காய் உருண்டது.

"அரோகரா!" என்று ஆயிரம் தொண்டைகள் முழங்கின. பெண்கள் குலவையிட்டார்கள். விழுந்தவனே எழுந்து, முட்டியைத் தடவிக்கொண்டு, அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். பாவி, அதையும் வியாபாரமாக்கிவிட்டான்!

ஆதிலட்சுமியின் கண்ணில் நீர் முட்டியது. பேசினாலும் சாமி. அடித்தாலும் சாமி. இனி என்ன செய்தால்தான் இவர்கள் கண்ணுக்கு அவள் ஒரு மனுஷியாகத் தெரிவாள்?

அப்போது பந்தல் ஓரத்தில் பூக்கூடையோடு நின்ற பெரிய உருவம் கண்ணில் பட்டது.

"வெள்ளை! வாடி இங்க. காலையில பழகல இல்ல? இப்போ பழகலாம்."

"இப்பவா? யக்கா, இவ்ளோ சனம் பாக்குதே!"

"பாக்கட்டும். இது அருளா, பழக்கமான்னு இவங்களே பாக்கட்டும். கூடையை வையி."

வெள்ளையம்மாள் தடுத்த கைகளை விலக்கிக்கொண்டு வந்தாள். இருவரும் எதிரெதிரே நின்றார்கள். மணிக்கட்டோடு மணிக்கட்டு ஒட்டியது. கை வட்டமாகப் போயிற்று, வந்தது. கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"யக்கா," என்று கிசுகிசுத்தாள் வெள்ளையம்மாள், "தோள் ஏறுது உனக்கு."

"கம்முனு தள்ளுடி."

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்தே அந்த வார்த்தை வந்ததை அவள் கேட்டாள். அடுத்த கணம் வெள்ளையம்மாளின் உள்ளங்கை அவள் நெஞ்சுக்குக் கீழே மெத்தென்று படிந்தது. கோபத்தில் மரக்கட்டையாக இறுகியிருந்த உடம்பு வேரோடு கிளம்பியது. ஆதிலட்சுமி பின்னால் பறந்தாள். கொட்டிய பாலில் நனைந்து சேறாகிக் கிடந்த மண்ணில், ஊரும் உலகமும் பார்க்க, பொத்தென்று விழுந்தாள்.

ஒலிபெருக்கிகூட வாயை மூடிக்கொண்டது.

"ஐயோ யக்கா!" வெள்ளையம்மாள் வாயில் கைவைத்துக்கொண்டாள். கண்ணாயிரம் எங்கிருந்தோ ஓடி வந்து, அவளைத் தூக்கக் குனிந்தான்.

"தொடாத" என்றாள் ஆதிலட்சுமி. "எனக்கு எழுந்திருக்கத் தெரியும்."

அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். முறியவில்லை. விழும்போது கையை ஊன்றவில்லை அவள். முகவாயை நெஞ்சோடு சேர்த்து, முதுகை வளைத்து, உருண்டையாக விழுந்திருந்தாள். அதே சித்திரா பௌர்ணமி, அதே பால், அதே கூட்டம். ஆனால் விழுந்தவள் அதே ஆள் இல்லை. விழவே கூடாது என்று எத்தனை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்! இதற்கா பயந்தாள்? சேற்றில் உட்கார்ந்தபடியே அவள் சிரித்தாள். வயிறு குலுங்கக் குலுங்கச் சிரித்தாள். பிறகு காலை மடக்கி, யார் கையும் இல்லாமல் எழுந்தாள்.

"நல்லாத் தள்ளினடி வெள்ளை. இன்னிக்குத்தான் நீ பழகினவ."

கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது.

"சாமி விழுந்துடுச்சே?"

"பூக்காரி தள்ளி விழுந்துடுச்சுப்பா."

"அப்போ பூக்காரிதான் சாமியோ?"

இரண்டு பேர் வெள்ளையம்மாள் பக்கம் திரும்பிக் கைகூப்பினார்கள். "த! செருப்பு பிஞ்சிடும்!" என்று அவள் எகிறினாள். "நேத்து ராத்திரி கருவாட்டுக் கொழம்பு ஊத்தித் தின்னவடா நான்!"

திட்டு விழுந்ததும் இரண்டு பேர் நாலு பேரானார்கள். ஆதிலட்சுமி சட்டென்று நடுவில் புகுந்தாள். இந்த முறை அவள் கத்தவில்லை. தோள் இறங்கியிருந்தது.

"கும்பிடாதீங்க, தள்ளுங்க" என்றாள். "யாருக்கு வேணுமோ எதிர வந்து நில்லுங்க. இப்படி முட்டியை மடக்கணும். நான் சொல்றவரைக்கும் நிமிரக் கூடாது."

முன்வரிசையில் பெங்களூர்க்காரன் இருந்தான். முதல் ஆளாக ஓடி வந்து நின்றான். கொஞ்ச நேரத்திலேயே தொடை நடுங்க ஆரம்பித்தது.

"கால் எரியுதும்மா."

"எரியும்."

"எப்போ நிக்கும்மா?"

"சில வருஷம் ஆவும்."

"வேற எதுவும் இல்லீங்களா? விபூதி மாதிரி?"

"இல்லீங்க. டீ கீது. அடுப்பைத் தூக்கிப் போட்டுட்டாங்க, பத்த வெக்கணும்."

அவன் நிமிர்ந்து, முழங்காலைப் பிடித்துக்கொண்டான். அவன் முகத்தில் வந்ததே ஒரு சலிப்பு! பக்தி வடிவதை அத்தனை கிட்டத்தில் அவள் பார்த்ததில்லை. பின்னாலிருந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டு பாதைக்கு ஏறினார்கள். விழுந்து கும்பிட ஆயிரம் பேர். முட்டி மடக்கி நிற்க ஒருவர் இல்லை! பரசுராமன் மட்டும் உருண்ட தேங்காய்களைத் தேடிக்கொண்டிருந்தான்.

பெங்களூர்க்காரன் புறப்பட்டுவிட்டான். அவன் மனைவி நந்தினி நகரவில்லை. குழந்தையை அவன் கையில் திணித்துவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தாள்.

"நான் ஒரு தடவை தள்ளிப் பாக்கட்டுமாக்கா?"

அம்மா இல்லை. அக்கா! எத்தனை நாளாயிற்று வெள்ளையம்மாளைத் தவிர வேறு ஒருத்தி அவளை அப்படிக் கூப்பிட்டு! ஆதிலட்சுமி மணிக்கட்டை நீட்டினாள்.

*

பந்தலைப் பிரித்தது கண்ணாயிரம்தான். கீற்றைச் சுருட்டியபடி, அவள் முகத்தைப் பார்க்காமல், "அன்னிக்கு அவனை நான் தேடியிருக்கணும் ஆதி" என்றான். ஒன்பது வருஷம் கழித்து வந்த சொல்லுக்கு உடனே என்ன பதில் வேண்டிக் கிடக்கிறது? அவள் பாய்லரைக் காட்டினாள். அவன் போய்த் தூக்கி வந்து அடுப்பில் வைத்தான்.

பரசுராமன் அடுத்த பௌர்ணமிக்குள் வேங்கிக்கால் பக்கம் எவனோ பேசாத ஒருவனைக் கண்டுபிடித்துவிட்டான் என்று கேள்வி. கூட்டம் இப்போது அங்கே போகிறது. அந்த மனுஷன் பாவம், பல்வலியால் பேசாமல் இருந்தானோ என்னவோ! யார் கேட்டார்கள்?

இன்றைக்கும் விடிகாலையில் நாவல் மரத்தடியில் ஆதிலட்சுமியும் வெள்ளையம்மாளும் நிற்கிறார்கள். பழக்க தோஷத்தில் பாதையில் போகிறவர்கள் யாராவது கைகூப்பத்தான் செய்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் ஆதிலட்சுமிக்குச் சுர்ரென்று ஏறும்.

"யக்கா, தோள்" என்பாள் வெள்ளையம்மாள்.

தோள் இறங்கும். மணிக்கட்டை எடுக்காமலே ஆதிலட்சுமி பாதையைப் பார்த்துக் குரல் கொடுப்பாள். அவள் அழைப்பைக் கேட்டு முக்கால்வாசிப் பேர் நடையை எட்டிப் போடுவார்கள். எப்போதாவது ஒருத்தி பையைக் கீழே வைப்பாள்.